வரிசையில் பதினாலாவதாக ஒரு பை

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. ஏன் என்று மூன்று பேர் போன் செய்து விசாரித்தார்கள். ஒருவர் என் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். இன்னொருவர் ராயபுரம் வாசகசாலையில் ஓசிப் பேப்பர் படிக்கிற நண்பர். மூன்றாவது ராங் நம்பர். ஆனாலும் குரல் டல்லாக இருக்கிறதே, உடம்புக்கு என்ன என்று கேட்டார். அதனால் அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நான் வெளிநாடு போயிருந்தேன். அதுவும் எப்படி? முதுகில் பை மாட்டிக்கொண்டு. நாற்பத்தெட்டு வயதில், மூட்டுவலியோடு, மனைவியோடு... ஹாங்காங்.

நானாகப் போகவில்லை. என் மனைவி பிலோமினா இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய தம்பி சேவியர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஒன்றரை வருஷமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒரு கப்பல் முடிந்தால் அங்கேயே இன்னொரு கப்பலில் ஏறிவிடுவான். அவனிடமிருந்து எப்போதாவது தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டருக்கு ஒரு ஈமெயில் வரும். அதை நான் போய்ப் பார்த்து, வீட்டுக்கு வந்து பிலோமிக்கு ஒப்பிக்க வேண்டும்.

இந்த முறை வந்த மெயில் கொஞ்சம் நீளம். கப்பல் ஹாங்காங்கில் ஒரு தீவுப் பக்கம் ரிப்பேருக்கு நிற்கப் போகிறதாம். அக்காவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறதாம். வெளியே விடுவது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது முதல் பதினொன்று வரை.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பயணமா?" என்று கேட்டேன்.

"தண்ணி லாரி பத்து நிமிசம்தான் நிக்குது. அதுக்கு நான் பாதி நாளு காத்துக்கினு இல்ல?" என்றாள் பிலோமி.

டிக்கெட் போட்டேன்.

பர்மா பஜார் நண்பர் ஒருவர் அந்த ஊருக்கு அடிக்கடி போய் வருகிறவர். "பெட்டி எடுத்துக்கினு போவாதீங்க சார். அங்க லாட்ஜ் லிஃப்ட்ல பெட்டி போனா ஆள் போக முடியாது. முதுகுப் பை வாங்கிக்கோங்க," என்றார். வாங்கினேன். முழங்கால் உயரத்துக்கு ஒன்று, பச்சைக் கலர். அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன்.

"கேஸ் சிலிண்டர் போடற ஆள் மாரி கீற," என்றாள் பிலோமி. பிறகு பையை வாங்கி வைத்துக்கொண்டு, என் சட்டைகளில் பாதியை வெளியே எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு பார்சல் போனது. காசிமேட்டு வஞ்சிரக் கருவாடு, கொஞ்சம் நெத்திலி. சேவியருக்கு. செய்தித்தாளில் ஏழெட்டுச் சுற்று, அதற்கு மேல் பாலித்தீன், அதற்கு மேல் என் பழைய வேட்டி. இவ்வளவு செய்தும் விமானத்தில் எனக்கு முன்சீட்டுக்காரர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். நானும் அவரோடு சேர்ந்து பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

ஹாங்காங் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? எழுதுகிறவன் என்பதால் முதல் பார்வைக்கென்று ஒரு நோட்டு எடுத்துப் போயிருந்தேன். 'வானைத் தொடும் கட்டடங்கள்' என்று ஒரு வரி எழுதினேன். அப்புறம் பிலோமி பேச ஆரம்பித்துவிட்டாள். நோட்டை மூடிவிட்டேன்.

முதலில் அவள் நின்றது ஒரு மேம்பாலத்தின் கீழே. கன்டெய்னர் லாரி ஒன்று போனது. பின்னால் இன்னொன்று. பிறகு மூன்றாவது. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாயா இது, லாரி ஓடுது?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கன்டெய்னர் லாரி என்பது நிற்கிற பொருள். எண்ணூரில் ஆரம்பித்துத் திருவொற்றியூர் வழியாகத் துறைமுகம் வரைக்கும் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் அதன் நிழலில் சமைத்துச் சாப்பிட்டு, துணி துவைத்துக் காயப்போட்டு, முகச்சவரமும் செய்துகொள்வார்கள். அது நகரும் என்பதே எங்களுக்குச் செவிவழிச் செய்திதான்.

அடுத்து, ஐம்பது மாடிக் கட்டடத்துக்கு மூங்கிலில் சாரம் கட்டியிருந்தார்கள். "நம்ப ஊர்ல சவுக்கு, இங்க மூங்கிலு. அவ்ளோதான்," என்று பிலோமி பாஸ் மார்க் போட்டாள். இருபதாவது மாடி ஜன்னலில் கம்பு நீட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். "நம்ப அவுசிங் போர்டு வூடு மாரிதான். மாடி மட்டும் ஜாஸ்தி." லாட்ஜ் அறையில் கட்டிலில் ஏறி உட்கார்ந்தால்தான் கதவைத் திறக்க முடியும். அதற்கும் அவள் அசரவில்லை. வியாசர்பாடியில் அவளுடைய சித்தி வீட்டில் எட்டுப் பேர் படுக்கிற அறை இதைவிடச் சின்னது என்றாள்.

அவள் அசந்தது ஒரே இடத்தில். ஒரு தெரு. தெரு முழுக்கக் கருவாட்டுக் கடை. கண்ணாடி அலமாரி, ஏசி, சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டி. வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் காய்ந்த மீனை நகைக்கடைக்காரர் போல எடுத்துக் காட்டுகிறார்.

பிலோமி கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தாள். காசிமேட்டில் சாக்கு விரித்துக் கருவாடு விற்றவர் அவளுடைய அம்மா. "எங்க அம்மாவ இங்க இட்டாந்து காட்டிருக்கணும்யா," என்று மட்டும் சொன்னாள்.

இன்னொன்றும் அவளுக்குப் பிடித்துப்போனது. அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் வரிசை. பஸ்ஸுக்கு, டாக்ஸிக்கு, நூடுல்ஸுக்கு, லிஃப்டுக்குக்கூட. யாரும் யாரையும் இடிக்கவில்லை. "ஒயுங்கான ஊருயா," என்றாள். எங்கள் தெருவின் தண்ணி லாரி வரிசையில் பதினெட்டு வருஷ அனுபவம் உள்ளவள் அவள். சர்டிஃபிகேட் கொடுக்கத் தகுதி உண்டு.

அந்தத் தகுதிதான் எங்களை மாட்டிவிட்டது.

ஞாயிறு காலை. தீவுக்கு ஃபெர்ரியில் போக வேண்டும். ஒரு மணி நேரப் பயணம். எட்டு மணிக்கு ஒன்று, அதை விட்டால் பத்துக்கு. பத்து மணிப் படகு அங்கே போய்ச் சேரும்போது பதினொன்று ஆகிவிடும். சேவியர் கப்பலுக்குத் திரும்பியிருப்பான். மறுநாள் எங்களுக்கு விமானம். ஆக, எட்டு மணிப் படகு. அதுவும் சின்னப் படகு, நிரம்பினால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று லாட்ஜ்காரர் பயமுறுத்தியிருந்தார்.

ஏழு மணிக்கே போய்விட்டோம். எங்களுக்கு முன்னால் பதின்மூன்று பேர். பின்னால் மளமளவென்று ஆள் சேர்ந்தது. நிறையப் பேர் பிலிப்பைன்ஸ் பெண்கள். அந்த ஊர் வீடுகளில் வேலை செய்கிறவர்கள். ஞாயிறு ஒருநாள்தான் அவர்களுக்கு லீவு.

"டீ குடிக்கணும்யா. டீ இல்லாம என்னால பேச முடியாது," என்றாள் பிலோமி. ஏழரை வரைக்கும் அவள் பேசாமல் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எனக்கும் டீ தேவைப்பட்டது.

"நீ போய் வாங்கிக்கினு வா" என்று ஒருவர் வரிசையில் நின்றிருக்கலாம். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ராயபுரத்தில் ஆள் நிற்பது என்பது வீண் செலவு. அங்கே குடம் நிற்கும். குடம் இல்லாவிட்டால் அரைச் செங்கல் நிற்கும், அறுந்த செருப்பு நிற்கும். நமக்குப் பின்னால் இருக்கிற குடத்தின் சொந்தக்காரியிடம் "யக்கா, இது என்து, பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான், நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள். வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம், குளிக்கலாம், சீரியல் பார்க்கலாம்.

பிலோமி என் முதுகிலிருந்து பச்சைப் பையைக் கழற்றினாள். வரிசையில் நேராக நிறுத்தினாள். பின்னால் நின்ற பிலிப்பைன்ஸ் பெண்மணியிடம் திரும்பினாள். முப்பத்தைந்து வயது இருக்கும், குட்டையான உருவம், மஞ்சள் டீ ஷர்ட்.

"யக்கா, இது எங்க இடம். டீ குடிச்சிட்டு ஓடியாந்துடறோம். பாத்துக்கோ."

பச்சைத் தமிழில்தான் சொன்னாள். பையைத் தொட்டுக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், எதிரே பேக்கரியைக் காட்டினாள். அந்தப் பெண் தலையாட்டினாள். நானும் நிம்மதியாகக் கிளம்பினேன். படித்தவன், பத்தி எழுதுகிறவன், ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நானும் ராயபுரம்தான்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தோம்.

வரிசையைக் காணோம். முப்பது நாற்பது அடி தள்ளி, சுவரோரம் எல்லோரையும் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். குறுக்கே பட்டையான ரிப்பன். சீருடைக்காரர்கள் நாலு பேர், ஒரு நாய். நடுவில் வெட்டவெளியில் எங்கள் பச்சைப் பை.

பைக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் டீ ஷர்ட் பெண். ஒரு சீருடைக்காரர் அவளை வெளியே வரச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். அவள் நகரவில்லை. பையைக் காட்டுகிறாள், பேக்கரியைக் காட்டுகிறாள், மறுபடி கையைக் கட்டிக்கொள்கிறாள்.

வாசகர்களிடம் எதையும் மறைப்பதில்லை என்று எனக்கொரு கொள்கை. அந்த நேரத்தில் நான் பிலோமியின் காதில் என்ன சொன்னேன் தெரியுமா?

"நமக்கும் அந்தப் பைக்கும் சம்மந்தம் இல்ல. அப்படியே நடந்துடு. பாஸ்போர்ட் என் இடுப்புலதான் இருக்கு."

பிலோமி என்னைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"அதுல என் தம்பி கருவாடு கீது. அந்தப் பொம்பள நமக்காண்டி நின்னுக்கினு கீது. நீ இன்னாயா மன்சன்?"

சொல்லிவிட்டு ரிப்பனைத் தூக்கி உள்ளே போய்விட்டாள். விசில் ஊதினார்கள். கத்தினார்கள். பிலோமி காதில் வாங்கவில்லை. எனக்கு வேறு வழியில்லை, நானும் குனிந்து போனேன். மூட்டு சத்தம் போட்டது.

அதிகாரி ஒருவர் வந்தார். கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுகிறவர். பையை ஏன் தனியாக விட்டுப் போனீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். நான் பிலோமிக்குச் சொன்னேன்.

"தனியா எங்க வுட்டேன்? இந்தம்மா கைல சொல்ட்டுதானே போனேன்? சொல்லாம போனாதான் தப்பு. சொல்ட்டுப் போனா நான் நிக்கற மாரிதான். இத்த ஒயுங்கா அவருக்குச் சொல்லு. நீ இன்னாத்துக்கு நடுங்கற?"

நான் அதிகாரியிடம் மொழிபெயர்த்தேன்: "சாரி என்கிறாள்."

"நான் சாரி சொல்லவே இல்லியே. சாரின்னா எனக்குத் தெரியாதா?" என்றாள் பிலோமி.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் தண்ணீர் லாரியில் வரும் என்றும், மனிதருக்குப் பதிலாகக் குடம் வரிசையில் நிற்கும் என்றும், அது சட்டமில்லை, ஆனால் சட்டத்தைவிட ஸ்ட்ராங் என்றும் விளக்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். அது அவருக்கே நம்பிக்கை தருவதாக இல்லை.

மணி ஏழு நாற்பது.

நாயைக் கொண்டுவந்தார்கள். மோந்து பார்த்தது. உட்கார்ந்தது. அதன் பிறகு எழுந்திருக்க மறுத்துவிட்டது. பழக்குகிறவர் கயிற்றை இழுத்தார், ஏதோ அதட்டினார். அது வாலை ஆட்டிக்கொண்டு ஜொள்ளு விட்டது. இப்படியொரு நடத்தைக்கு அவர்களிடம் சட்டவிதி இல்லை போலிருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பையைத் திறந்தார்கள். என் வேட்டி வந்தது. பாலித்தீன் வந்தது. பிறகு செய்தித்தாள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று... ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் வைத்தார் அதிகாரி. நாலாவது தாளில் கை நின்றது.

அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இதோ, இந்தப் பத்திக்கு மேலே இருக்கிறதே, அதே போட்டோ. எண்ணெய் ஊறி, கன்னத்தில் ஒரு நெத்திலி ஒட்டியிருந்தது. என் எழுத்து வந்த பக்கத்தில்தான் பிலோமி கருவாடு சுற்றியிருக்கிறாள். அதைப் பற்றி வீட்டில் தனியாகப் பேசிக்கொண்டோம், இங்கே வேண்டாம்.

அதிகாரி போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. போட்டோ பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது, தலையில் முடி உண்டு. அவர் ஒரு விரலை நீட்டி, போட்டோவின் நெற்றிக்கு மேலே இருந்ததை மறைத்துப் பார்த்தார். பொருந்திவிட்டது.

"இது நீங்களா?"

"நான்தான்."

"நீங்கள் எழுத்தாளரா?"

பையைப் பார்த்தேன். கருவாட்டைப் பார்த்தேன். ஆமாம் என்றேன். இத்தனை வருஷம் எழுதி எனக்குக் கிடைத்த ஒரே அரசாங்க அங்கீகாரம் அதுதான்.

கருவாட்டையும் ஒரு துண்டு கையில் எடுத்து, மோந்து பார்த்து, தலையை அசைத்தார். நல்ல சரக்கு என்று அந்த ஊர்க்காரருக்குத் தெரியாதா? இனி இப்படிச் செய்யக் கூடாது என்று எனக்கு எச்சரிக்கை. பிலோமிக்கும் எச்சரிக்கை கொடுக்கத் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி எனக்கே இன்னொரு முறை கொடுத்தார்.

ரிப்பனை எடுத்தார்கள். மணி ஏழு ஐம்பத்திரண்டு.

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் குடத்துக்கு இருக்கிற மரியாதையெல்லாம் லாரியின் சத்தம் கேட்கிற வரைக்கும்தான். கேட்டுவிட்டால் பதினாலாவது குடமும் இல்லை, நாலாவது குடமும் இல்லை. முழங்கை உள்ளவர் பிழைத்தார். இங்கே ஐம்பது அறுபது பேர் சுவரோரம் நிற்கிறார்கள், படகுக்கு எட்டு நிமிஷம், தாமதம் எங்களால். யார் எங்களுக்கு வழி விடுவார்கள்? பிலோமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர்கள் நடந்து வந்தார்கள். ஓடவில்லை. முதலில் நின்றவர் முதலில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் சைக்கிள் வைத்திருந்தவர். அவருக்குப் பின்னால் பூக்கூடைக்காரி. ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் இருந்தவரின் முதுகு நினைவிருந்தது. பதின்மூன்று பேர் நின்றதும் வரிசையில் ஒரு இடைவெளி விட்டார்கள். அந்தக் கண்ணாடிக்கார அதிகாரியே பச்சைப் பையைத் தூக்கி வந்து அந்த இடைவெளியில் நிறுத்தினார். அதற்குப் பின்னால் மஞ்சள் டீ ஷர்ட்.

பிலோமி செருகிய முந்தானையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

முதல் நாள் பார்த்ததெல்லாம் கட்டடம்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. ஒரு ஊரைப் பார்க்க அதன் வரிசையில் நின்றால் போதும். நிற்காமல் டீ குடிக்கப் போனால் இன்னும் நன்றாகத் தெரியும்.

படகில் அந்தப் பெண் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். பெயர் லிண்டா. பதினொரு வருஷமாக ஒரு வீட்டில் சமையல், பிள்ளை பார்ப்பது. "என் மனைவி சொன்னது உங்களுக்கு என்ன புரிந்தது?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை," என்றாள். "ஆனால் எங்கள் ஊரிலும் குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். பக்கெட் வைத்துவிட்டுத்தான் போவோம்."

"போலீஸ் நகரச் சொன்னபோது பயமாக இல்லையா?"

"இருந்தது. தலையாட்டிவிட்டேனே."

பிலோமிக்குச் சொன்னேன். அவள் எழுந்து போய் லிண்டாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். இவள் தமிழ், அவள் அவளுடைய பாஷை. இறங்கும்போது லிண்டாவின் கையில் நாலு நெத்திலி இருந்தது. நான் மட்டும்தான் அந்தப் பையைக் கைவிடப் பார்த்தவன் என்பதால், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சேவியர் படகுத்துறையில் நின்றிருந்தான். கறுத்து, இளைத்து, தாடி வைத்து. பிலோமி அவன் தலையில் ஒன்று வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கும் கண் கரித்தது, கடற்காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

"கருவாடு கொண்டாந்தியா யக்கா?"

அவிழ்த்த வேகத்தில் அப்படியே சுருட்டிக் கட்டியிருந்தோம். அவன் பிரித்தான். மோந்து பார்த்தான். ரொம்ப நேரம் மோந்து பார்த்தான். பிறகு தாள்களைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட நான் கையை நீட்டினேன்.

"போடாத மாமா. தமிழ் பார்த்து எத்தினி மாசமாச்சு," என்றான். தாள்களை ஒவ்வொன்றாக நீவி, மடித்து, சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டான்.

பதினொன்றுக்குக் கப்பலுக்குப் போய்விட்டான்.

முந்தாநாள் பிரவுசிங் சென்டரில் அவனுடைய மெயில் இருந்தது. கப்பல் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. கருவாடு தீர்ந்ததாம். பேப்பரை நாலு முறை படித்தானாம், என் பத்தி உட்பட. 'கடைசி வரி மட்டும் எண்ணெயில் போய்விட்டது மாமா. என்ன எழுதியிருந்தாய்?' என்று கேட்டிருக்கிறான்.

பழைய பேப்பரைத் தேடினேன். அது இப்போது எந்த வீட்டுக் கருவாட்டின் மேல் இருக்கிறதோ. எனக்கும் நினைவில்லை.

அதனால், சேவியர், இந்தக் கடைசி வரி உனக்கு: அக்கா நல்லா கீது, வஞ்சிரம் மொட்டமாடில காயுது, இந்தப் பேப்பர் பக்கத்துலதான் சுத்தி வரும்.